என்பு மச்சை மாற்றும் வன்னிக் குடும்பமும்: நாட்பட்ட குருதிப் புற்றுநோயின் சிகிச்சை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்புக்களின் வரலாறாக எழுதும் மரபு நம்மிடையே இன்னும் வலுவாகவே உள்ளது. ஒரு சிகிச்சை எங்கே, எவரால், எந்த ஆண்டில் கண்டறியப்பட்டது என்பதோடு அவ்வரலாறு முற்றுப்பெற்றுவிடுகிறது. அது எவரைச் சென்றடைந்தது, எவ்வகைச் சமூக உறவுகள் இருந்த இடத்தில் அது சாத்தியமாயிற்று என்ற வினாக்கள் வரலாற்றாசிரியனுக்குரியவையல்ல, நிர்வாகிக்குரியவை என்று ஒதுக்கப்படுகின்றன. நாட்பட்ட மச்சைவழிக் குருதிப் புற்றுநோயின் வரலாறு இவ்வொதுக்கலைப் பொய்யாக்குவது. இந்நோய்க்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரண்டு பெருஞ் சிகிச்சைகள் தோன்றின. ஒன்று, நோயற்ற உடன்பிறப்பின் என்பு மச்சையை நோயாளிக்கு மாற்றுவது. மற்றையது, நாள்தோறும் உட்கொள்ளும் ஒரு குளிசை. முன்னையது குடும்பத்தை நம்பி நின்றது; பின்னையது சொத்துரிமைச் சட்டத்தால் ஆளப்பட்டது. இவ்விரண்டும் மருத்துவத்துக்குப் புறம்பானவை போலத் தோன்றலாம். ஆயின் முல்லைத்தீவு போன்றதொரு மாவட்டத்திலிருந்து நோக்குவோமாயின், நோயாளியின் ஆயுளை நிர்ணயிப்பவை இவ்விரண்டுமே என்பது புலனாகும். நிணநீர்க்கலம் சார்ந்த மற்றொரு நாட்பட்ட குருதிப் புற்றுநோயும் உண்டு. அது பெரும்பாலும் முதியோரைப் பீடிப்பது. மச்சை மாற்று அதற்கு அரிதாகவே செய்யப்படுவது. எனவே அதனை இங்கு விட்டுவிடுகிறோம்.

1845 ஆம் ஆண்டில் பேர்லினில் ருடோல்வ் விர்கோவும் எடின்பரோவில் ஜோன் ஹியூஸ் பெனற்றும் ஒருவரையொருவர் அறியாது, மண்ணீரல் பெருத்து இறந்த நோயாளிகளின் குருதியில் வெண்ணிறக் கலங்கள் மிகுந்திருந்தமையை விவரித்தனர். 1847 இல் அதற்கு ‘லியூக்கேமியா’, அதாவது வெண்குருதி, எனப் பெயரிட்டவர் விர்கோவே. அடுத்த ஆண்டில் மேற்சைலீசியாவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயச் சென்ற அவர், வறுமையும் கல்வியின்மையும் ஆட்சியாளரின் அலட்சியமுமே நோய்க்குக் காரணம் என அறிக்கையிட்டுத் தம் பதவியை இழக்கும் நிலைக்கு ஆளானார். குருதிப் புற்றுநோய்க்குப் பெயர் தந்தவரும் சமூக மருத்துவத்துக்கு அடிகோலியவரும் ஒருவரே என்பது நமது பாடநூல்களில் ஏனோ இடம்பெறுவதில்லை. அதே 1847 இல்தான் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கவும் நூலாக்கவும் அவர் மானிப்பாயில் மேற்கொண்ட முயற்சி இல்லாதிருப்பின் என்பு, மச்சை, கலம் என்று நாம் இங்கு எழுதிச் செல்வது இவ்வளவு எளிதாக இருந்திராது.

குருதி என்பு மச்சையிலேயே உருவாகின்றது என்பதை 1868 இல் ஏர்ண்ஸ்ற் நொய்மன் நிலைநாட்டினார். சிகிச்சை அறிவு அவ்வேகத்தில் வளரவில்லை. 1860களில் ஆசனிக்குக் கரைசல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எக்ஸ் கதிர், 1953 இலிருந்து புசல்பான் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை யாவும் வெண்குழியங்களின் தொகையைக் குறைத்தனவேயன்றி நோயை வேரறுக்கவில்லை. இந்நோயின் இயல்பு வஞ்சகமானது. தொடக்கத்தில் களைப்பும் இடப்புற விலாவின் கீழ் ஒரு பாரமும் மாத்திரமே தோன்றும். நோயாளி வயலுக்கும் கடலுக்கும் சென்றுகொண்டிருப்பார். சில ஆண்டுகளின் பின் நோய் திடீரெனத் தீவிரம் கொள்ளும். அதன்பின் எஞ்சுவன மாதங்களே. அக்காலத்தில் நோய் கண்டறியப்பட்டவர்கள் சராசரியாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே வாழ்ந்தனர். 1960 இல் பிலடெல்பியா நகரில் பீற்றர் நோவெலும் டேவிட் ஹங்கர்போர்டும் இந்நோயாளிகளின் கலங்களில் வழமைக்கு மாறாகக் குறுகிய ஒரு நிறமூர்த்தத்தைக் கண்டனர். 1973 இல் சிக்காகோவில் ஜனற் றௌலி அது ஒன்பதாம், இருபத்திரண்டாம் நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டங்களை மாற்றிக்கொண்டதன் விளைவே எனக் காட்டினார். குருதியின் மூலக்கலம் ஒன்றில் நேர்ந்த ஒரு பிழையிலிருந்தே முழு நோயும் கிளைக்கின்றது என்பது இதனால் தெளிவாயிற்று.

மூலக்கலம் பற்றிய அறிவோ அணுகுண்டின் பின்விளைவு. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் முதல் வெடிப்பில் தப்பியவர்கள் சில வாரங்களின் பின் மச்சை வரண்டு இறந்தனர். அவர்களிடையே பின்னாளில் குருதிப் புற்றுநோய், நாட்பட்ட வகை உட்பட, பெருகியது. கதிர்வீச்சிலிருந்து படைவீரரைக் காக்கும் வழி தேடிய ஆய்வுகளே, மச்சையை ஏற்றினால் இறக்கவிருந்த எலி பிழைக்கும் என்பதை வெளிக்கொணர்ந்தன. 1961 இல் ரொறன்ரோவில் ஜேம்ஸ் ரில், ஏர்ணஸ்ற் மக்கலக் ஆகிய இருவரும், ஏற்றப்பட்ட மச்சைக் கலங்கள் எலியின் மண்ணீரலில் தனித்தனி முடிச்சுக்களாக வளர்வதையும், தனியொரு கலமே பலவகைக் குருதிக் கலங்களைத் தோற்றுவிக்க வல்லது என்பதையும் காட்டினர். நாம் குருதி மூலக்கலம் என்றும் தமிழகத்தார் குருத்தணு என்றும் வழங்குவது இதனையே. அழிவின் ஆய்விலிருந்து ஆக்கத்தின் கருவி பிறந்தது முரணே. ஆயினும் அம்முரண் போருக்குப் பிந்திய விஞ்ஞானத்தின் பொது இயல்புமாகும்.

மனிதரில் இம்முயற்சியை 1957 இல் தொடங்கிய டொனல் தோமசின் முதல் நோயாளிகள் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர். 1958 இல் யூகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் நேர்ந்த விபத்தில் கதிர்வீச்சுக்குள்ளானோர்க்குப் பாரிசில் ஜோர்ஜ் மத்தே மச்சை ஏற்றினார். முன்பின் அறியாத அந்நியர்க்காகப் பிரெஞ்சு மக்கள் தமது என்பைத் துளைக்க இசைந்தனர் என்பது இவ்வரலாற்றின் மறக்கப்படக்கூடாத ஒரு பக்கம். தோல்விகளின் காரணத்தை விளக்கியது அதே ஆண்டில் ஜான் டோசே வெண்குழியங்களின் மேற்பரப்பில் இனங்கண்ட இசைவுப் பொருள்கள் பற்றிய அறிவு. உடல் தன்னைத் தான் என்றும் பிறனைப் பிறன் என்றும் அறிவது இவற்றாலேயே. மச்சை மாற்றில் ஆபத்து இருபுறமும் உண்டு: நோயாளியின் உடல் வந்த மச்சையைத் தள்ளிவிடலாம், வந்த மச்சை நோயாளியின் தோலையும் ஈரலையும் குடலையும் பகையெனக் கொண்டு தாக்கலாம்.

இவ்விசைவுப் பொருள்கள் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியாகவும் தாயிடமிருந்து ஒரு தொகுதியாகவும் வருவன. ஆகவே ஒரே பெற்றோரின் இரு பிள்ளைகள் முழுமையாக ஒத்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. 1968 இல் உடன்பிறந்தாரிடமிருந்து செய்யப்பட்ட மாற்று முதன்முதல் வெற்றி கண்டது. நோயாளி பிறப்பிலேயே நிர்ப்பீடனம் அற்ற ஒரு குழந்தை. குருதிப் புற்றுநோயில் பாதை கரடுமுரடாகவே இருந்தது. இறுதிக்கட்டத் தீவிர நோயுடன் சியாற்றிலில் சிகிச்சை பெற்ற முதல் 100 பேருள் 13 பேரே நீண்டகாலம் பிழைத்தனர் என 1977 இல் அறிக்கையிடப்பட்டது. 1979 இல் அதே நிலையம், நாட்பட்ட நோயுடைய நால்வருக்கு அவர்தம் ஒத்த இரட்டையரின் மச்சையை ஏற்றியபோது பிலடெல்பியா நிறமூர்த்தம் மறைந்துவிட்டதாக அறிவித்தது. நூற்றாண்டுக்கு மேலாக மாறாநோய் எனப்பட்டது மாறக்கூடியது என்பதற்கு இதுவே முதற் சான்று. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்நோயே மச்சை மாற்றின் தலையாய காரணங்களுள் ஒன்றாயிற்று. தோமஸ் 1990 இல் நோபல் பரிசு பெற்றார். நோய் மீண்டவர்க்குக் கொடையாளியின் நிணநீர்க்கலங்களை மாத்திரம் ஏற்றியே அதனை மீண்டும் அடக்கலாம் என அவ்வாண்டிலேயே மியூனிக்கைச் சேர்ந்த ஹான்ஸ் கோல்ப் காட்டினார். கதிர்வீச்சும் நஞ்சு மருந்தும் செய்யாததை அண்ணனின் அல்லது தங்கையின் உயிர்க்கலங்கள் செய்தன. சிகிச்சை உண்மையில் உடன்பிறப்பே என்று கூறுவது இவ்விடத்து உவமையன்று.

நான்கில் ஒன்று என்ற அவ்விகிதத்தைச் சற்று விரித்து நோக்க வேண்டும். ஒரேயொரு உடன்பிறப்பு உள்ளவர்க்கு ஒத்த கொடையாளி கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 25 வீதம். இருவர் இருப்பின் 44. நால்வர் இருப்பின் 68. அறுவர் இருப்பின் 82. சிறு குடும்பங்களாகச் சுருங்கிவிட்ட மேலைநாட்டுச் சமூகத்துக்கு இக்கணக்குப் பாதகமானது. அதனாலேயே அங்கு அந்நியக் கொடையாளிகளின் பதிவேடுகள் தோன்றின. 1974 இல் லண்டனில் தன் மகனுக்காக ஷேர்லி நோலன் என்ற தாய் தொடங்கியது அவற்றுள் முதலாவது. முள்ளியவளையிலும் ஒட்டுசுட்டானிலும் கொக்கிளாயிலும் வயலையும் குளத்தையும் கடலையும் நம்பிய குடும்பங்களில் ஐந்தாறு பிள்ளைகள் இருந்தமை மிக அண்மைக் காலம் வரை வழமையே. நெருங்கிய மணவுறவும் இங்கு வேறொரு விதமாகத் தொழிற்படுகிறது. தாய்மாமன் மகளை அல்லது அத்தை மகளை மணக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் கணவனும் மனைவியும் ஒரே தொகுதி இசைவுப் பொருள்களைப் பகிர்ந்திருக்கக்கூடும். ஆதலால் பெற்றோருள் ஒருவரோ விரிந்த குடும்பத்தில் ஒருவரோ முழுமையாக ஒத்திருத்தல் பிறவிடங்களைவிடக் கூடிய சாத்தியமுடையது. உயிரியற் கணக்கின்படி வன்னிக் குடும்பம் மச்சை மாற்றுக்கு மிக வாய்ப்பான குடும்பம்.

வரலாற்றின் கணக்கு வேறாக அமைந்தது. சியாற்றிலில் மாற்றுச் சிகிச்சை முதிர்ச்சி பெற்ற 1990களில், மருந்துகளும் எரிபொருளும் வன்னிக்குள் செல்வதற்குக் கடுங் கட்டுப்பாடுகள் இருந்தன. அரசு ஊதியம் பெற்ற வைத்தியர்களும் தாதியரும் அங்கு தொடர்ந்து பணியாற்றினர் என்பது பலரறியாத உண்மை. ஆயின் மலேரியாவுக்கும் காயங்களுக்கும் மருந்து தேடிய வைத்தியசாலையில் மூலக்கலம் பற்றிய பேச்சுக்கு இடமிருக்கவில்லை. 2002 இல் பாதை திறந்தது. 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. இடையில், 2004 டிசம்பர் 26 ஆந் திகதி, கடல் முல்லைத்தீவுக் கரையோரத்துக் குடும்பங்களைக் காலையொன்றிலேயே அழித்துச் சென்றது. 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் எஞ்சியவர்கள் புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நெருக்கப்பட்டனர். புதுக்குடியிருப்பு வைத்தியசாலையே ஷெல் வீச்சுக்கு இலக்காயிற்று. உயிருடன் வெளிவந்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெரும்பாலும் வவுனியாப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

போரின் இழப்பை எண்ணுபவர்கள் இறந்தவரையும் அங்கவீனரையும் எண்ணுகின்றனர். ஒருவரின் இறப்பால் அவருடைய உடன்பிறப்புக்கள் எதிர்கால மருத்துவ வாய்ப்பொன்றையும் இழக்கின்றனர் என்பது எக்கணக்கிலும் சேர்வதில்லை. நால்வருள் மூவரை இழந்தவரின் வாய்ப்பு 68 இலிருந்து 25 ஆகிவிடுகிறது. மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் நோயாளியிடம் முதலிற் கேட்கப்படும் வினாக்களுள், உடன்பிறந்தோர் எத்தனை பேர், உயிருடன் உள்ளோர் எத்தனை பேர் என்பது ஒன்று. பிள்ளையைக் கையளித்துவிட்டு, 2017 முதல் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்து அவனைத் தேடிவந்த தாய்மாரின் குடும்பங்களில் இவ்வினாவுக்கு எவ்விடை எழுதுவது? காணாமலாக்கப்பட்டவர் மருத்துவப் படிவத்திலும் காணாமலேயே போகின்றார்.

புலம்பெயர்ந்தோர் நிலை இதற்கு மாறானது. ரொறன்ரோவிலோ பாரிசிலோ வாழும் தமையனின் கன்ன உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துத் தபாலில் அனுப்பியே இசைவைச் சோதிக்க முடியும். 1990களிலிருந்து இடுப்பென்பைத் துளைக்காமல், சில நாள் ஊசிமருந்தின் பின் கைநாளத்திலிருந்தே மூலக்கலங்களைப் பிரித்தெடுக்கும் முறை பரவியுள்ளது. குளிரூட்டிய பெட்டியில் அவை கண்டம் கடக்கின்றன. அகதிக் கோரிக்கை தீராமையால் நாடு திரும்ப இயலாதவரும் கொடையாளியாகலாம். ஆனால் இதற்கு இரு நாட்டு நிலையங்களின் இணக்கமும் பெரும் பணமும் வேண்டும். அந்நியக் கொடையாளிப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டால், உலகெங்கும் இன்று அவற்றில் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் உள்ளனர்; ஆயினும் அவர்களுட் பெரும்பாலோர் ஐரோப்பிய வமிசத்தவர். அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2014 இல் வெளியான கணிப்பின்படி, ஐரோப்பிய வமிசத்து வெள்ளையர்க்கு முழு இசைவு கிடைக்கும் வாய்ப்பு 75 வீதம். ஆபிரிக்க அமெரிக்கர்க்கு 19 வீதம். இந்திய வமிசத்தவர்க்கு ஏறத்தாழ மூன்றிலொன்று. 2009 இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘தாத்ரி’ பதிவேடு இக்குறையை நிரப்ப முனைவது. தமிழ்பேசும் நோயாளி எங்கிருப்பினும் அவருக்கு இசைவான அந்நியர் இருக்கக்கூடிய இடம் பெரும்பாலும் தென்னாசியாவே என்பதால் இம்முயற்சி நமக்கும் உரியது.

சிகிச்சை நிலையங்கள் எவ்வாறு பரவின என்பதைச் சுருக்கமாகக் கூறிச் செல்வோம். இந்தியாவில் முதல் மாற்று 1983 இல் பம்பாய் ராற்றா நினைவு வைத்தியசாலையிலும், அடுத்து 1986 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் செய்யப்பட்டன. வேலூருக்கும் ஈழத்துக்கும் உள்ள உறவு பழையது. 1820 இல் பண்டத்தரிப்பில் மருந்தகம் நடத்திய ஜோன் ஸ்கடரின் பேத்தியாரே வேலூர் வைத்தியசாலையை நிறுவிய ஐடா ஸ்கடர். யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற ஒரு மருத்துவ மரபு நூற்றாண்டின் பின் யாழ்ப்பாணத்தாரைத் தன்னிடம் வரவழைத்தது எனலாம். வசதியுடையோரை மாத்திரம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இலங்கையில் இச்சிகிச்சை 2010களிலேயே வேரூன்றியது. அதுவும் கொழும்பையும் அதன் அயலையும் சார்ந்தே. தெல்லிப்பழையில் 2013 இல் திறக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை, 2011 இல் நாட்டின் தென்முனையிலிருந்து வடமுனைவரை நடந்து மக்களிடம் திரட்டிய நிதியில் எழுந்தது. வடபுலத்து நோயாளர்க்கு அது பேருதவியாயிற்று. எனினும் மச்சை மாற்றென்றால் முல்லைத்தீவார் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணித்தே ஆக வேண்டும்.

இனி இரண்டாவது சிகிச்சை. இடம்மாறிய நிறமூர்த்தத் துண்டங்கள் இணைந்து உண்டாக்கும் ஒரு நொதியமே கலங்களை ஓயாது பெருகத் தூண்டுகின்றது. அந்நொதியத்தை மாத்திரம் முடக்கும் ‘இமற்றினிப்’ என்ற பொருளைச் சுவிற்சர்லாந்தின் சீபா-கெய்கிக் கம்பனியில் நிக்கொலஸ் லைடன் குழுவினர் உருவாக்கினர்; ஒறிகனில் பிறையன் ட்ரக்கர் 1998 இல் நோயாளிகளிடம் பரீட்சித்தார். போதிய அளவு மருந்து பெற்ற 54 பேருள் 53 பேரின் குருதி வழமைக்குத் திரும்பியது. 2001 மே மாதத்தில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பத்தாண்டின் பின்னும் நூற்றுக்கு 83 பேர் உயிர்வாழ்ந்தனர். செல்வ நாடுகளில் இந்நோய்க்கான மச்சை மாற்றுச் சில ஆண்டுகளிலேயே அருகியது. வறிய நாடுகளிலோ விசித்திரமான கணக்கொன்று எழுந்தது. வாழ்நாள் முழுவதும் குளிசை வாங்குவதிலும் ஒருமுறை மச்சை மாற்றுவது மலிவு என மெக்சிக்கோ நாட்டு வைத்தியர்கள் வாதிட்டனர். ஆபத்து மிக்க சிகிச்சையை, ஆபத்துக் குறைந்த சிகிச்சை விலையுயர்ந்தது என்பதற்காகத் தெரிவுசெய்ய வேண்டிய நிலை அது. விலை என்பது மருத்துவத் தீர்மானத்துள் இவ்வாறே புகுந்து அமர்கின்றது.

அவ்விலைக்கெதிரான வழக்குச் சென்னையில் தொடங்கியது என்பது தமிழ் வாசகர் கருத்திற்கொள்ளத்தக்கது. சீபா-கெய்கியும் சாண்டோசும் 1996 இல் இணைந்து உருவான நோவாட்டிஸ் கம்பனி, இமற்றினிப்பின் ஒருவகைப் பளிங்கு வடிவத்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தை 1998 இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்திற் பதிந்தது. இந்தியாவின் 1970 ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்காது, செய்முறைக்கே வழங்கியது. உலக வர்த்தக அமைப்பின் நெருக்குதலால் 2005 இல் அது திருத்தப்பட்டது. திருத்தத்தின்போது, அறியப்பட்ட பொருளின் புதுவடிவம் கூடிய பயன்றிறன் காட்டாதவிடத்து அது கண்டுபிடிப்பாகாது என்ற விதி சேர்க்கப்பட்டது. அவ்விதியும் அடிப்படையாக, 2006 இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2007 இல் சென்னை உயர் நீதிமன்றம் விதிக்கெதிரான மனுவைத் தள்ளியது. 2013 ஏப்பிரல் 1 ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் கம்பனியின் மேன்முறையீட்டை நிராகரித்தது. கம்பனியின் மருந்து மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபா. இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபா. தான் பல்லாயிரம் வறியோர்க்கு இலவசமாக வழங்குவதாகக் கம்பனி கூறியது, வழங்கியதும் உண்மை. ஆனால் கொடையை நிறுத்தும் அதிகாரம் கொடுப்பவரிடமே இருக்கும். மலிவு விலையில் வாங்கும் நோயாளியோ எவருடைய தயவையும் நாடுவதில்லை. வழக்கில் எதிர்த்து நின்றோருள் புற்றுநோயாளர்க்கு உதவும் மும்பைச் சங்கமொன்று இருந்தமை இவ்வேறுபாட்டை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டும்.

இலங்கைக்கு இவ்விவாதம் புதிதன்று. 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் சேனக பிபிலே, மருந்துகளைக் கம்பனிப் பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் வாங்கவும், இன்றியமையாதவற்றைத் தெரிந்து மொத்தமாக இறக்குமதி செய்யவும் வழிவகுத்தார். பன்னாட்டுக் கம்பனிகளின் எதிர்ப்பால் அக்கொள்கை தளர்ந்தது. அவரும் 1977 இல் கயானாவில் இறந்தார். இலவச வைத்தியசேவை, பொதுப்பெயர் மருந்து, அயலிலுள்ள இந்திய உற்பத்தி ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு முல்லைத்தீவு நோயாளியைக் குளிசைக்கு அண்மையாக்கின. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது இவ்வமைப்பின் வலுவீனமும் வெளிப்பட்டது. இக்குளிசையை இடைவிட்டு உட்கொள்ளுதல் ஆபத்தானது. நோய்க்கலங்கள் மருந்துக்குப் பணியாத இயல்பைப் பெற அது வழிவிடும். மூன்று மாதத்துக்கொருமுறை குருதியில் நோயின் எச்சத்தை மூலக்கூற்று முறையால் அளந்தறியவும் வேண்டும். நாட்கூலியை இழந்து, பேருந்து மாறி, நகருக்குச் சென்று இரத்தம் கொடுத்து, முடிவுக்காக மீண்டும் செல்லும் மீனவர்க்கோ தனித்து வாழும் குடும்பத் தலைவிக்கோ இந்தத் தூரமும் நோயின் ஒரு பகுதியே.

குளிசை பலனளிக்காதபோதும் நோய் தீவிர கட்டத்துக்கு மாறியபோதும் மருத்துவம் மீண்டும் மூலக்கல மாற்றையே நாடுகின்றது. அப்போது உடன்பிறப்புப் பற்றிய பழைய வினா திரும்பவும் எழுகின்றது. இதற்கு ஒரு மாற்றுவழி அண்மையில் தோன்றியுள்ளது. மாற்றின் பின் மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்குளோபொஸ்பமைட் என்ற பழைய, மலிவான மருந்தை ஏற்றினால், பாதியளவே ஒத்த கொடையாளியின் கலங்களும் நோயாளியின் உடலைத் தாக்காது அமையும் என்பதை போல்ரிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவர்கள் காட்டினர். அவர்களது முறை 2008 இலிருந்து உலகெங்கும் பரவியது. பாதி ஒத்திருத்தற்கு நான்கில் ஒன்று என்ற வாய்ப்பை எதிர்நோக்க வேண்டியதில்லை; தாய் தன் பிள்ளைக்கும் பிள்ளை தன் தாய்க்கும் எப்போதும் பாதி ஒத்தவரே. உடன்பிறந்தார் எவரும் எஞ்சாத குடும்பத்திலும் தாயொருத்தி எஞ்சியிருப்பின், வயதும் உடல்நலமும் இடங்கொடுக்கும்வரை அவள் கொடையாளியாகலாம்.

முல்லைத்தீவில் இதன் முதற்படி மாஞ்சோலையிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலையில் செய்யக்கூடிய ஒரு முழுக் குருதிக்கல எண்ணிக்கையே. இடப்புற வயிற்றில் பாரம் என்று கூறிவரும் நோயாளியின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்து அப்பரிசோதனையை அன்றே எழுதுவதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. அதில் ஐயம் எழுந்தால் மேற்கொண்டு செய்ய வேண்டிய நிறமூர்த்தப் பரிசோதனைக்கு நோயாளிக்குப் பதிலாக அவரது குருதிக் குழாயே பயணம் செய்யலாம்.